நர்சம்மாவுக்கு யார் துணை?

புதன்கிழமை என்றால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தடுப்பூசி நாள். காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டி கிளம்பிவிடும். சுற்றிலும் ஐஸ் பேக், நடுவே குப்பிகள். துணை சுகாதார நிலையத்திலோ அங்கன்வாடியிலோ ஒரு மேசை போட்டிருப்பார்கள். குழந்தையை மடியில் வைத்தபடி தாய்மார்கள் காத்திருப்பார்கள். "நர்சம்மா வந்தாச்சா?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொள்வார்கள். அரசுக் கோப்புகளில் அவர் கிராம சுகாதார செவிலியர். ஊருக்கு நர்சம்மா.

அவர் செய்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். குழந்தையின் எடையைப் பார்க்கிறார். அட்டையைப் பார்க்கிறார். காய்ச்சல் இருக்கிறதா, போன முறை ஊசி போட்டபோது வலிப்பு ஏதாவது வந்ததா என்று தாயிடம் விசாரிக்கிறார். இன்றைக்குப் போடலாமா, தள்ளிவைக்கலாமா என்று முடிவெடுக்கிறார். போடுகிறார். அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகச் சொல்கிறார். ராத்திரி உடம்பு சுட்டால் கொடுக்கச் சொல்லி பாரசிட்டமால் தருகிறார். நடுவே, கால் வீங்கியிருக்கிறது என்று வரும் கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார், இரும்புச்சத்து மாத்திரையை எண்ணிக் கொடுக்கிறார். பல ஊர்களில் அந்த நேரத்தில் அங்கே டாக்டரும் இல்லை, மருந்தாளுநரும் இல்லை.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு சட்டத்தைப் படித்தால் திகைப்பாக இருக்கும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019, அதன் 34-ஆம் பிரிவு: மருத்துவர் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவர் மருத்துவராகத் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மருத்துவம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் நவீன மருத்துவத்தின் எல்லாக் கிளைகளும் வருகின்றன. அறுவைச் சிகிச்சையும் மகப்பேறும் சேர்த்தி. 1948-ன் மருந்தாளுநர் சட்டம் சொல்கிறது: டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைக் கலக்கவோ எடுத்துக் கொடுக்கவோ பதிவு பெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை; டாக்டர் தன் நோயாளிக்குத் தானே கொடுப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 1940-ன் மருந்துகள் மற்றும் அழகுப்பொருட்கள் சட்டமோ, உரிமம் இல்லாமல் மருந்தை விற்கவும் வினியோகிக்கவும் தடை போடுகிறது.

நர்சம்மா பதிவே இல்லாதவர் அல்லர். பயிற்சி முடித்து, செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர். சென்னை மாகாணம் 1926-லேயே இதற்கென்று சட்டம் இயற்றிவிட்டது. ஆனால் அந்தப் பதிவு அவரைச் செவிலியராக அங்கீகரிக்கிறது. மருந்தை வினியோகிக்கவும், எந்தக் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று தனியாக முடிவெடுக்கவும் அவருக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? அங்கன்வாடிப் பணியாளருக்கும், வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண் சுகாதாரத் தன்னார்வலருக்கும் அந்தக் குழுமப் பதிவுகூடக் கிடையாதே, அவர்கள் எந்தச் சட்டத்தின் நிழலில் நிற்கிறார்கள்?

அட்டவணை கே

விடை, 1945-ன் மருந்து விதிகளின் பின்பக்கத்தில், 'அட்டவணை கே' என்ற நீண்ட பட்டியலில் இருக்கிறது. எந்தெந்த மருந்துகளுக்கு, யார் யாருக்கு, எந்த நிபந்தனையின்பேரில் சட்டத்திலிருந்து விலக்கு என்று சொல்லும் பட்டியல் அது. ஆயிரம் பேருக்கு மிகாத மக்கள்தொகை கொண்ட சிற்றூரில் பெட்டிக்கடைக்காரர் தலைவலித் தைலமும் ஆஸ்பிரினும் கிரைப் வாட்டரும் உரிமம் இல்லாமல் விற்கலாம் என்பதும் இதே பட்டியலில்தான் வருகிறது. அதன் 23-ஆம் பதிவு, ஆரம்ப சுகாதார நிலையங்களையும் துணை நிலையங்களையும் சேர்ந்த பல்நோக்குப் பணியாளர்கள், ஊரகச் சுகாதாரத் திட்டத்தின் சமூகச் சுகாதாரத் தன்னார்வலர்கள், செவிலியர்கள், துணைச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் ஆகியோர் வழங்கும் மருந்துகளுக்கு விற்பனை உரிமம் தேவையில்லை என்றது. நிபந்தனை ஒன்றுதான்: மத்திய, மாநில அரசின் சுகாதார அல்லது குடும்பநலத் திட்டத்தின் கீழ் அந்த மருந்து வழங்கப்பட வேண்டும்.

போலியோ சொட்டு மருந்து, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல், காசநோய் மாத்திரை, குடற்புழு மாத்திரை, கருத்தடை மாத்திரை என்று இந்த நாட்டின் பொதுச் சுகாதாரத்தில் பாதி இந்த ஒற்றைப் பதிவின்மேல் நடந்துகொண்டிருக்கிறது. அதில் தவறு ஏதும் இல்லை. ஊருக்கு ஊர் டாக்டரையும் மருந்தாளுநரையும் உட்கார வைத்த பிறகுதான் சொட்டு மருந்து கொடுப்போம் என்று காத்திருந்தால் 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றைப் பெற்றிருக்க முடியாது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த விலக்கு, உரிமம் என்ற ஒரே விஷயத்தோடு நின்றுவிடுகிறது. நர்சம்மா எதை முடிவெடுக்கலாம், எதை முடிவெடுக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் எந்த டாக்டரிடம் கேட்க வேண்டும், அந்த டாக்டருக்கு என்ன பொறுப்பு, விதிப்படி செய்தும் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவர் பக்கம் யார் நிற்பார்கள் என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மருந்துக்கு விலக்கு கிடைத்தது. மருந்தைக் கையில் வைத்திருக்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

திருவள்ளூர், 2008

இது ஏட்டுக் கவலை அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சிறிது நேரத்துக்குள் நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. அந்தத் தாய்மார்களின் இழப்புக்கு எந்த விளக்கமும் ஈடாகாது. அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை.

அரசு உடனே ஒரு முடிவெடுத்தது. ஊர் ஊராகப் போய் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. குழந்தைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும், டாக்டர் இருக்கும்போதுதான் ஊசி என்றானது. கேட்பதற்கு நியாயமான ஏற்பாடாகத் தெரியும். ஆனால் பஸ் இல்லாத ஊரில், கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய், கைக்குழந்தையோடு ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். முதல் ஊசிக்குப் போவார். இரண்டாவதுக்குப் போவார். ஒன்பதாம் மாதத்து ஊசிக்குப் போவாரா?

தேசிய குடும்பநல ஆய்வின் எண்களைப் பாருங்கள். 2005-06-ல் தமிழ்நாட்டுக் குழந்தைகளில் 80.9 சதவீதம் பேருக்கு எல்லாத் தடுப்பூசிகளும் போடப்பட்டிருந்தன. 2015-16-ல் அது 69.7 சதவீதம். தடுப்பூசியில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த மாநிலம், பத்தாண்டுகளில் பதினோரு புள்ளிகள் சரிந்தது. திருவள்ளூருக்குப் பிந்தைய முடிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். தடுப்பூசி பற்றிய பயம், ஆய்வு எடுக்கும் முறையில் உள்ள வேறுபாடுகள், நகர்ப்புறச் சேரிகளில் இருக்கும் இடைவெளி என்று பல காரணங்களைத் துறையினர் சொல்கிறார்கள். ஆனால் நர்சம்மாவின் கையிலிருந்து ஊசியை வாங்கி வைத்ததற்கு அதில் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஊர்களிலேயே ஊசி போடும் முறை பிற்பாடு திரும்ப வந்தது. 2019-21 ஆய்வில் மாநிலம் 89.2 சதவீதத்துக்கு ஏறியது.

ஒரு பணியாளரின் அதிகாரம் எழுத்தில் உறுதியாக இல்லாவிட்டால், ஒரு துயரம் வந்ததும் அதை ஒரே உத்தரவில் பறித்துவிடலாம். பறித்ததன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது பத்து வருடம் கழித்துத்தான் ஓர் ஆய்வின் பட்டியலில் தெரியவருகிறது.

எல்.எம்.பி. டாக்டர் போன பிறகு

இன்றைக்கு எழுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் தங்கள் ஊர் எல்.எம்.பி. டாக்டரைப் பற்றிச் சொல்வார்கள். பட்டம் இல்லாமல், மருத்துவப் பள்ளியில் குறைந்த காலம் படித்து உரிமம் பெற்றவர்கள் அவர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938-ல் கல்லூரி ஆவதற்கு முன்பு அப்படிப்பட்ட பள்ளியாகத்தான் இருந்தது. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-ல் அறிக்கை தந்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் பதிவு பெற்றிருந்த சுமார் 47,500 டாக்டர்களில் ஏறத்தாழ 29,900 பேர் இந்த வகையினர். ஐந்தில் மூன்று பேர்.

அந்த வகையே வேண்டாம், இனி நாட்டில் ஒரே தரத்தில், பட்டம் பெற்ற டாக்டர் மட்டுமே என்று போர் குழு பரிந்துரைத்தது. குழுவுக்குள்ளேயே சிலர் இதற்கு உடன்படவில்லை. பணக்காரனுக்கு ஒரு டாக்டர், ஏழைக்கு ஒரு டாக்டர் என்று இருக்கக் கூடாது என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். அந்தக் குழுவின் அறிக்கைதான் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே அடித்தளம். ஆனால் ஐந்தில் மூன்று பேரை உருவாக்கிய பள்ளிகளை மூடும்போது, கிராமத்தில் அவர்கள் பார்த்த வேலையை இனி யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு அன்றைக்கு விடை இல்லை. பட்டம் பெற்றவர்கள் பெரும்பாலும் நகரத்தில் தங்கினார்கள். அந்த இடத்தை நிரப்பத்தான் அரசு ஒவ்வொரு பத்தாண்டிலும் ஒரு புதிய பெயரில் ஆட்களைக் கொண்டுவந்தது.

1973-ல் கர்த்தார் சிங் குழு சொன்ன பல்நோக்குப் பணியாளர். 1975-ல் அங்கன்வாடிப் பணியாளர். 1977 அக்டோபர் 2 அன்று, மூன்று மாதப் பயிற்சியோடு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியத்தில் சமூகச் சுகாதாரப் பணியாளர். இந்த மூன்றாமவரின் பெயர் 1980-ல் தன்னார்வலர் என்றும், 1981-ல் கிராமச் சுகாதார வழிகாட்டி என்றும் மாறியது. பெயர்தான் மாறியதே தவிர, அவர் யார், என்ன செய்யலாம் என்பது கடைசிவரை உறுதிப்படவில்லை. அந்தத் திட்டமும் தேய்ந்து மறைந்தது. தமிழ்நாடு அதில் சேரவே இல்லை. சிறு சுகாதார மையங்கள் என்ற தன் வழியில் போனது. பிறகு 2005-ல் ஆஷா என்ற கிராமச் சுகாதாரத் தன்னார்வலர் வந்தார். 2018-ல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், துணை நிலையங்களுக்கு இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் வந்தார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்தார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் டாக்டர் சீட்டின்பேரில் மட்டுமே தரவேண்டிய மாத்திரைகளை அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார், கருவி வைத்து அளவும் பார்க்கிறார். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையே பெற்றுத் தந்த திட்டம் இது.

அவர் எந்தச் சட்டத்தின் கீழ் மாத்திரை கொடுக்கிறார்? அரசு மருத்துவமனை வழங்கும் மருந்துக்கு அட்டவணை கே-யில் தனி விலக்கு உண்டு, அதில் அடங்கும் என்று வாதாடலாம். 23-ஆம் பதிவில் உள்ள 'தன்னார்வலர்' என்ற பழைய பெயருக்குள் இவரும் வருகிறார் என்று வாதாடலாம். ஆனால் லட்சக்கணக்கான முதியவர்களின் வாழ்க்கை தொங்கும் ஒரு வேலை, வக்கீலின் வாதத் திறமையை நம்பி நடக்கக் கூடாது.

கட்சிரோலி கற்றுத்தந்தது

பட்டம் இல்லாதவர் கையில் ஊசியைக் கொடுப்பது ஆபத்து என்று நினைப்பவர்கள், மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி 1990-களில் அங்கே 39 கிராமங்களில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கொஞ்சம் படித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பச்சிளங்குழந்தையின் மூச்சை எண்ணவும், எடை பார்க்கவும், ரத்தத்தில் கிருமித்தொற்று ஏறியிருக்கும் அறிகுறிகளைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அறிகுறி இருந்து, பெற்றோர் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக மறுத்தால், அவர்கள் சம்மதத்தோடு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி போடவும் கற்றுக்கொடுத்தார்கள்.

1999-ல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. ஒப்பீட்டுக் கிராமங்களோடு பார்க்கும்போது, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. கிருமித்தொற்று கண்ட குழந்தைகளில் முன்பு 16.6 சதவீதம் இறந்தன. சிகிச்சை வந்தபின் அது 2.8 சதவீதம் ஆனது. அந்தப் பெண்கள் யாரும் நர்ஸ்கூட இல்லை. ஆனால் அவர்களுக்கு எந்த அறிகுறி, எவ்வளவு மருந்து, எத்தனை நாள், எப்போது கைவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்ற எல்லை தெளிவாக வகுக்கப்பட்டிருந்தது. மேலே ஒருவர் தொடர்ந்து வந்து மேற்பார்வை பார்த்தார். ஒவ்வொரு குழந்தைக்கும் பதிவு இருந்தது.

வேண்டியதெல்லாம் இதுதான். இதை மத்திய அரசு எப்படி எடுத்துக்கொண்டது? 2011-ல் வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைக் கவனிக்கும் திட்டம் ஆஷாக்கள் வழியாக நாடு முழுக்க வந்தது. ஊசி அதில் இல்லை. மருத்துவமனைக்கு அனுப்பவே முடியாத நிலைமைகளில் துணைச் செவிலியர் ஜென்டாமைசின் போடலாம் என்ற வழிகாட்டுதல் வர 2014 ஆகிவிட்டது. கட்சிரோலி முடிவு அச்சில் வந்து பதினைந்து ஆண்டுகள். அதுவும் வழிகாட்டுதல்தான், சட்டம் அல்ல. பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தையும், பேறுகால வலிப்புக்கு முதல் டோஸ் மெக்னீசியம் சல்பேட்டையும் துணைச் செவிலியர் கொடுக்கலாம் என்பதும் அப்படித்தான் வந்தது. வழிகாட்டுதல் என்பது கடிதம். அதிகாரி மாறினால் கடிதம் மாறும். நீதிமன்றத்தில் சட்டத்தின் முன் அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று எந்த நர்சம்மாவுக்கும் தெரியாது.

அசாமில் தீர்ப்பு

சட்டம் போட்டுப் பார்த்த மாநிலங்களும் உண்டு. புதிதாகப் பிறந்த சத்தீஸ்கர் 2001-ல் மூன்று ஆண்டு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. டாக்டர்கள் சங்கம் எதிர்த்தது, வழக்குகள் வந்தன, பட்டத்தின் பெயர் மாறியது, 2008-ல் படிப்பே நின்றது. படித்து முடித்தவர்கள் ஊரக மருத்துவ உதவியாளர்களாக, டாக்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போனார்கள். பிறகு 2010-ல் வந்த ஓர் ஆய்வு, அங்கே பொதுவாக வரும் நோய்களைக் கையாளும் திறனில் இவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு இணையாக இருப்பதாகச் சொன்னது. அதற்குள் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன.

அசாம் 2004-ல் சட்டம் இயற்றி ஜோர்ஹாட்டில் இதேபோன்ற படிப்பைத் தொடங்கியது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2014-ல் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. 2023 ஜனவரி 24 அன்று, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா அமர்வு அதை உறுதி செய்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை வகுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துடையது, மாநிலம் தானாக ஒரு புதிய டாக்டரை உருவாக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். செய்தித்தாள்கள் அதோடு நிறுத்திக்கொண்டன. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பாதி இருக்கிறது. ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்காக அசாம் 2015-ல் வேறொரு சட்டம் இயற்றியிருந்தது. அவர்களை டாக்டர் என்று சொல்லாமல், சமூகச் சுகாதாரப் பணியாளராகத் தனியே பதிவு செய்து, வேலையின் எல்லையை வகுத்த சட்டம் அது. உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

நம் மாநிலம் படித்துப் பார்க்க வேண்டிய பாதி இதுதான். டாக்டர் என்ற பெயரில் கை வைக்காமல், பணியாளருக்கென்று தனிப் பதிவும் தனி எல்லையும் வகுக்க மாநிலத்துக்கு வழி இருக்கிறது.

மத்தியச் சட்டத்திலும் ஒரு கதவு உண்டு. 2019-ன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, 'சமூகச் சுகாதார வழங்குநர்' என்று ஒருவருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்கிறது. பதிவு பெற்ற டாக்டர்களின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. ஆரம்ப நிலை, தடுப்பு மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளை அவர் தானே எழுதலாம். மற்றதில் டாக்டரின் மேற்பார்வை வேண்டும். மசோதா வந்தபோது, போலி மருத்துவர்களுக்குப் பட்டுக்கம்பளம் விரிக்கிறார்கள் என்று இந்திய மருத்துவச் சங்கம் 2019 ஜூலை 31 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. சட்டம் நிறைவேறிவிட்டது. நம் கிராமங்களில் அந்த உரிமத்தோடு ஒருவரையும் காணோம்.

டாக்டர்களின் கவலை

டாக்டர்களின் எதிர்ப்பை வெறும் தொழில் போட்டி என்று தள்ளிவிடுவது நேர்மை ஆகாது. போலி மருத்துவர் கைது என்ற செய்தி நம் மாவட்டப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தவர், கம்பவுண்டராக இருந்தவர், எல்லாக் காய்ச்சலுக்கும் ஸ்டீராய்டும் ஆன்டிபயாட்டிக்கும் ஏற்றி உயிரைப் பறித்த கதைகள் பொய்யல்ல. வரம்புக்குட்பட்ட உரிமம் என்ற பெயரில் அவர்கள் உள்ளே நுழைந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் உண்டு. டாக்டர் பணியிடங்களை நிரப்பாமல், குறைந்த சம்பளத்தில் ஒருவரை அங்கே உட்கார வைத்து அரசு தப்பித்துக்கொள்ளும் என்ற பயம் அதைவிட நியாயமானது. தமிழ்நாட்டில் டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்க வேண்டிய இடத்தில் டாக்டர்தான் இருக்க வேண்டும்.

ஆனால் போலி மருத்துவருக்கும் நர்சம்மாவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் தெளிவாகச் சொல்லாமல் விட்டதுதான் இந்தப் பயத்தையே வளர்க்கிறது. போலி மருத்துவரின் வேலைக்கு எல்லை கிடையாது, மேலே ஆள் கிடையாது, பதிவேடு கிடையாது. நர்சம்மாவுக்கு நடைமுறையில் இவை மூன்றும் உண்டு. அவற்றை எழுத்தில் பதித்துவிட்டால் யார் எந்தப் பக்கம் என்பதில் குழப்பம் இருக்காது. எல்லையைத் தெளிவாக எழுதுவது டாக்டர்களுக்கும் பாதுகாப்பு.

கொரோனா காலத்தில் பிரிட்டன் இதை எப்படிச் செய்தது என்று பார்க்கலாம். 2020-ல் அந்நாடு தன் மருந்து விதிகளைத் திருத்தி, பதிவு பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற தன்னார்வலர்களும் தடுப்பூசி போடலாம் என்றது. அதற்கென ஒரு நெறிமுறை எழுதப்பட்டது. வந்தவரைப் பரிசோதித்துச் சம்மதம் வாங்குவது யார், மருந்தைத் தயார் செய்வது யார், ஊசி போடுவது யார், பதிவு செய்வது யார் என்று வேலை நான்காகப் பிரிக்கப்பட்டது. முதல் வேலை பதிவு பெற்றவருக்கு மட்டும். முழு இடத்துக்கும் பொறுப்பாக ஒரு மருத்துவத் துறையினர் இருக்க வேண்டும். விதிப்படி வேலை செய்த தன்னார்வலர்மீது இழப்பீட்டு வழக்குப் போட முடியாதபடி சட்டக் காப்பும் நீட்டிக்கப்பட்டது. விலக்கும் பொறுப்பும் காப்பும் ஒரே திருத்தத்தில் வந்தன. இந்தியாவிலோ, சட்டப்படி ஊசி போட அதிகாரம் பெற்ற எவரும் தடுப்பூசியாளர் ஆகலாம் என்று 2020 டிசம்பர் வழிகாட்டுதல் சொன்னது. அந்த அதிகாரம் யாருக்கு, எதுவரை என்ற பழைய கேள்வி அப்படியே நின்றது.

ஊதியத்திலும் விலக்கு

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமை பெறாது. மருந்துச் சட்டத்தில் இவர்களுக்குக் கிடைத்தது ஒரு விலக்கு என்றால், தொழிலாளர் சட்டத்தில் இவர்கள்மீது சுமத்தப்பட்டது இன்னொரு விலக்கு. அங்கன்வாடிப் பணியாளரும் ஆஷாவும் ஊழியர்கள் அல்லர், சேவை செய்பவர்கள். எனவே அவர்களுக்குச் சம்பளம் இல்லை, மதிப்பூதியமும் ஊக்கத்தொகையும்தான் என்று அரசுகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றமே 2006-ல் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்து, அவர்கள் செய்யும் வேலையின் கனத்தை எடுத்துச் சொன்னது. அடுத்த மாதமே உலக சுகாதார அமைப்பு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆஷாக்களுக்கு உலகச் சுகாதாரத் தலைவர்களுக்கான விருதை அறிவித்தது. பச்சிளங்குழந்தையைப் பார்க்க ஆறு முறை வீடு தேடிப் போகும் ஆஷாவுக்கு அந்தத் திட்டம் வகுத்த ஊக்கத்தொகை 250 ரூபாய்.

மருந்து கொடுக்கும்போது அரசின் கை. சம்பளம் கேட்கும்போது வெறும் தன்னார்வலர். இந்த இரட்டை நிலைப்பாடு அநியாயம். ஒருவரை நம்பி அரசு தன் மருந்தைக் கொடுத்தனுப்புகிறது என்றால் அவர் அரசின் பணியாளர். அவர் கேட்பது சலுகையும் அல்ல.

தமிழ்நாடு இதில் வழிகாட்டக்கூடிய மாநிலம். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மண் இது. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும் தனிப் பணித்தொகுதியும் வைத்திருக்கும் மாநிலம். மத்திய அரசைப் பார்த்துக் காத்திருக்காமல் அது இன்றைக்கே செய்யக்கூடியவை உண்டு. கிராம சுகாதார செவிலியர், இடைநிலைச் சுகாதாரப் பணியாளர், பெண் சுகாதாரத் தன்னார்வலர், அங்கன்வாடிப் பணியாளர் என ஒவ்வொருவருக்கும் எந்த மருந்து, எந்த அளவு, எந்த அறிகுறி கண்டால் உடனே அனுப்ப வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதை ஒரே ஒரு தாளில், தமிழில், அரசாணையின் இணைப்பாக வெளியிடலாம். மேற்பார்வை டாக்டரின் பெயரை அதில் எழுதி, அவருடைய பொறுப்பையும் சேர்க்கலாம். பயிற்சி முடித்தவர் யார், பயிற்சி எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற மாநிலப் பதிவேடு ஒன்றைத் திறக்கலாம். அசாம் 2015-ல் செய்ததுபோல அதற்கு ஒரு சட்டமே இயற்றலாம். அந்த எல்லைக்குள் நின்று வேலை செய்தவருக்கு எதிராக வழக்கு வந்தால் செலவையும் இழப்பீட்டையும் அரசே ஏற்கும் என்று உறுதி தரலாம். புதிய பெயரில் ஒரு பணியிடத்தை உருவாக்கும்போதெல்லாம், அந்தப் பெயரை அட்டவணை கே-யில் தெளிவாகச் சேர்க்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகத்துக்கு எழுதுவதையும் கட்டாயமாக்கலாம்.

இவற்றில் பெரும்பகுதிக்கு ஓர் அரசாணை போதும். சட்டமன்றத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் விவாதத்துக்கு வருகிறது. அதற்கு முன்பு உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். எங்கள் ஊர் நர்சம்மா என்னென்ன செய்யலாம் என்று எழுதிய அரசாணை எங்கே, அவருக்கு ஏதாவது சிக்கல் வந்தால் அரசு அவருக்குத் துணை நிற்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.